ஈறிலிருந்து மூட்டுக்கு

தூத்துக்குடி
9 ஜூன் 2024

அன்புள்ள அனிஷா அப்பாவுக்கு,

மாதா உங்களையும் உங்களோடு இருப்பவர்களையும் கைவிடாமல் இருக்கட்டும். நானும் பிள்ளையும் மாடி வீட்டில்தான் இருக்கிறோம். கீழே உங்கள் அக்கா ஆக்னஸ் மதினி நலம்.

மாலுமிகள் நலச் சங்கத்துக் கிருபாநிதி அண்ணாச்சி நேற்று ஃபுஜைரா துறைமுகத்திலிருந்து போன் பண்ணினார். உங்கள் கப்பலைக் கரையிலிருந்து இன்னும் தள்ளி நங்கூரம் போடச் சொல்லிவிட்டார்களாம். இனிமேல் உங்கள் போனுக்குச் சிக்னல் எட்டாதாம். தண்ணீரும் அரிசியும் ஏற்றிவருகிற படகில் அவர் எப்போதாவது வருவார். நான் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பினால் அச்செடுத்து உங்கள் கையில் கொடுப்பார். நீங்கள் எழுதுவதையும் படமெடுத்து எனக்கு அனுப்புவார்.

முதலாளி ஓடிப்போனதையும், கோர்ட் கப்பலைப் பிடித்து வைத்திருப்பதையும், உங்கள் பாஸ்போர்ட் துறைமுக அதிகாரிகளிடம் இருப்பதையும் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஆபீசில் ஷிப்பிங் பில் வேலை ஓய்ந்ததும் கம்ப்யூட்டரில் கப்பல்கள் நிற்கிற வரைபடத்தைத் திறந்து பார்ப்பேன். நம் துறைமுகத்துக்கு வருகிற புள்ளிகள் எல்லாம் நகரும். உங்கள் புள்ளி நகராது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அனிஷாவுக்கு உடம்பு சரியில்லை. தவக்காலம் தொடங்கியதிலிருந்தே சரியில்லை. நீங்கள் அங்கே இருந்துகொண்டு என்ன செய்ய முடியும் என்று போனில் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

காலையில் எழுந்தால் முழங்கால் மடங்காது. இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கும். நம் மாடிப்படி உங்களுக்குத் தெரியும், கப்பல் ஏணி மாதிரி செங்குத்து. உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்குவாள். மத்தியானம் ஆகிவிட்டால் ஓடுவாள். அதனால் யாரும் நம்பவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர், "காலையில பரீட்சைன்னா மட்டும் உன் பொண்ணுக்குக் கால் வலிக்குது" என்றார். மதினி, "பிள்ள வளருதால்லா, அதான் உளையுது" என்று எண்ணெய் தேய்த்தார்கள். இங்கே பார்த்த டாக்டர் கடைசியில் மதுரைக்கு அனுப்பினார்.

மதுரையில் ஜெபசுதா என்று ஒரு டாக்டர், பிள்ளைகளின் மூட்டு நோய்களை மட்டும் பார்ப்பவர். பிள்ளைகளுக்கு வருகிற மூட்டுவாதம் என்றார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிறதாம். சனிக்கிழமைதோறும் ஒரு ஊசி போடத் தொடங்கியிருக்கிறோம். நம் தெருக் கிளினிக்கில் நர்ஸ் போடுகிறார்.

இன்னொன்றும் சொன்னார். வாயைத் திறக்கச் சொன்னபோது தாடை பாதிதான் திறந்தது. அங்கேயும் மூட்டு இருக்கிறதல்லவா, அதுவும் வீங்கியிருக்கிறது. ஈறெல்லாம் சிவந்து, தொட்டால் ரத்தம். "வாய்ல இருக்கிற சில கிருமிகளுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம்னு ஆராய்ச்சி நடக்குது. இந்த நோய் உள்ள பிள்ளைங்க ரத்தத்துல ஈறுக் கிருமிக்கு எதிரான பொருள் மத்த பிள்ளைங்களவிட அதிகமா இருக்குன்னு சில ஆராய்ச்சில பாத்திருக்காங்க. ஆனா அதுதான் காரணம்னு இன்னும் யாரும் நிரூபிக்கல. எப்படியானாலும் ஈறைச் சுத்தமா வச்சுக்கிடணும்" என்றார். நான் அவள் பல்லைச் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று கேட்டேன். "அப்படி நினைக்காதீங்க" என்றார். நினைக்காமல் எப்படி இருப்பது?

கோபப்படுவீர்கள். கோபப்பட்டாலும் எழுதுங்கள்.

மரியசெல்வி


கப்பலில்
29 ஜூன் 2024

செல்வி,

உன் கடிதம் போன படகில் வந்தது. பதில் எழுத அடுத்த படகுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவும் நல்லதுதான், அன்றைக்கே எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

சிக்னல் இருந்த நாளெல்லாம், "பிள்ள தூங்குதாளா" என்று கேட்டேன். "தூங்குதா" என்றாய். அவள் படியில் உட்கார்ந்து இறங்குகிறாள் என்று நீ சொல்லவில்லை. நான் இங்கே அடைபட்டுக் கிடப்பதால் அவளுக்கு அப்பா இல்லாமல் போய்விட்டேனா?

இங்கே ஆறு பேர் மிஞ்சியிருக்கிறோம். கேப்டன், எலக்ட்ரிகல் ஆள், டெக்கில் இரண்டு பேர், நான். பிறகு சமையல்காரர் பேச்சிமுத்து அண்ணன். பெரிய எஞ்சின் ஓடுவதில்லை. ஒரு ஜெனரேட்டரை மட்டும் காலையிலும் சாயங்காலமும் ஓட்டுகிறேன். அது நின்றால் தண்ணீர் ஏறாது, சோறு வேகாது. மற்ற நேரம் சூட்டில் கிடக்கிறோம். கப்பல் நங்கூரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. கரை ஒரு நாள் இடப்பக்கம் தெரியும், ஒரு நாள் வலப்பக்கம்.

உன் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு கிருபாநிதியிடம் கேட்டேன். ஈறுக் கிருமியையும் பிள்ளைகள் மூட்டையும் பற்றி எழுதியதை அச்செடுத்துக் கொண்டுவந்தார். எல்லாம் இங்கிலீஷ். எஞ்சின் மேனுவல் வாசித்த இங்கிலீஷை வைத்து வாசித்தேன். தெளிவாக இருக்கிறது செல்வி. கிருமியின் பெயர்கூடப் போட்டிருக்கிறார்கள். அது ஈறில் உட்கார்ந்துகொண்டு உடம்பை ஏமாற்றுகிறது. உடம்பு அதை அடிக்கப் போய் மூட்டை அடிக்கிறது.

ஜெனரேட்டரில் புகை வந்தால் நாங்கள் புகையைத் துடைத்துக்கொண்டிருக்க மாட்டோம். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அந்தச் சாமானைக் கழற்றுவோம். உன் டாக்டர் புகையைத் துடைக்கிறார். அந்த ஊசி கேன்சர்காரர்களுக்குப் போடுவது என்று இதிலேயே இருக்கிறது. காரணம் வாயில் இருக்கும்போது பிள்ளையின் ரத்தத்தில் ஏன் விஷத்தை ஏற்ற வேண்டும்?

நல்ல பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. கெட்ட பல் எதுவோ அதை எடுத்துவிடச் சொல். ஊசியை நிறுத்து. அக்காவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன், நீ ஆபீசுக்குப் போனால் அவள் பார்த்துக்கொள்வாள்.

இத்தனை மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி இதுதான். நோய்க்குக் காரணம் தெரிந்துவிட்டது.

கிளாட்வின்


தூத்துக்குடி
12 ஜூலை 2024

அனிஷா அப்பாவுக்கு,

காரணம் தெரிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் "இருக்கலாம்" என்றார். நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். அந்தச் சொல்லை எங்கே விட்டீர்கள்?

ஜெபசுதா டாக்டரிடம் போனில் கேட்டேன். நீங்கள் வாசித்தது பொய் இல்லையாம். ஆனால் ஈறு கெட்டதால் மூட்டு வீங்குகிறதா, மூட்டு வீங்குவதால் ஈறு கெடுகிறதா, இரண்டையும் மூன்றாவதாக ஏதோ ஒன்று கெடுக்கிறதா என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாதாம். கேன்சருக்குப் போடுவது மிகப் பெரிய அளவு, பிள்ளைக்குப் போடுவது சின்ன அளவு, வேலையும் வேறு. நிறுத்தினால் வீக்கம் பழையபடி பாயும் என்று இரண்டு முறை சொன்னார்.

பல் டாக்டரிடமும் போனோம். இந்துமதி என்று, பாளை ரோட்டில். பிடுங்க வேண்டிய பல் ஒன்றுமில்லை என்றார். ஈறோரத்தில் படிந்திருந்த காரையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். அனிஷா வாயை வெகுநேரம் திறந்துவைக்க முடியாது, அதனால் இன்னும் சில முறை போக வேண்டும். அவள் ஏன் பல்லை ஒழுங்காகத் தேய்ப்பதில்லை என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. விரல் மடங்காததால் பிரஷைப் பிடிக்க முடியவில்லை. தாடை திறக்காததால் பின்பல்லுக்குப் பிரஷ் போகவில்லை. தேய்க்காததால் ஈறு வீங்குகிறது, வீங்கிய ஈறு தேய்த்தால் வலிக்கிறது, வலிப்பதால் தேய்ப்பதில்லை. பிள்ளை இதற்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள், நான் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். இப்போது பிரஷின் காம்பில் சைக்கிள் ஹேண்டில் ரப்பரை மாட்டிக் கொடுத்திருக்கிறேன். குட்டிப் பிள்ளைகளின் பிரஷ், மெதுவான நார்.

ஊசி அவளுக்குப் பிடிக்காது என்பது உண்மை. அந்த மருந்து மஞ்சளாக இருக்கும். சனிக்கிழமை என்றாலே குமட்டும். இப்போது மஞ்சள் நிறத்தைக் கண்டாலே குமட்டுகிறது. சாம்பார் வேண்டாம், எலுமிச்சைச் சாதம் வேண்டாம். மஞ்சள் தாவணி உடுத்திய பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்தும் ஓங்கரித்தாள். ஊசி போட்ட மறுநாள் முழுக்கச் சுருண்டு கிடப்பாள்.

ஆனால் போன செவ்வாய் காலையில் அவள் தானே எழுந்து நின்றாள். கட்டிலைப் பிடிக்கவில்லை. நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தேன், பேசினால் கெட்டுவிடுமோ என்று.

மதினியும் உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். "தம்பி இவ்வளவு படிச்சிட்டு எழுதிருக்கான், நீ ஏன் கேக்க மாட்டேங்கிற" என்கிறார்கள். அவர்களோடு சண்டை போட்டால் நான் எங்கே போவேன்? அவர்கள்தான் தினமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி இறங்குகிறார்கள். சனிக்கிழமை எனக்கு ஆபீஸ், லீவு கேட்டுக் கேட்டு முகம் இல்லை. ஊசிக்கும் அவர்கள்தான் கூட்டிப்போகிறார்கள்.

பல்லையும் எடுக்கப் போவதில்லை, ஊசியையும் நிறுத்தப் போவதில்லை. இதை நீங்களே மதினிக்கு எழுதிவிடுங்கள்.

செல்வி


கப்பலில்
18 ஆகஸ்ட் 2024

என் அன்புள்ள செல்விக்கு,

உன் பதில் எதுவும் எனக்கு வரவில்லை. காற்று அதிகம் என்று ஒரு மாதத்துக்கு மேல் சங்கத்துப் படகு வரவில்லை. இன்றைக்கும் கிருபாநிதி வரவில்லை, அரிசி இறக்கிய படகுக்காரன் ஒரே ஒரு தாளைக் கொடுத்தான். அக்கா எழுதியது. அதை வாசித்துவிட்டு டெக்கில் போய் வெகுநேரம் நின்றேன்.

இரண்டு பல்லை எடுத்தாயிற்று, பிள்ளை தைரியமாக இருந்தாள், ஊசியையும் நிறுத்தியாயிற்று என்று எழுதியிருக்கிறாள். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன். என் பேச்சையும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டாயே, அது எனக்கு எவ்வளவு பெரிது என்று உனக்குத் தெரியாது. இந்த இரும்புக்குள் இருந்துகொண்டு நான் ஓட்டுகிற ஜெனரேட்டரைத் தவிர உலகத்தில் எதுவும் என் கைக்கு அசைவதில்லை.

நாம் செய்தது சரிதான் என்பதற்கு இங்கேயே ஒரு சாட்சி கிடைத்தது. பேச்சிமுத்து அண்ணனுக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் சொத்தை. முதலில் வலி என்றார். பிறகு கன்னம் வீங்கிக் கண் மூடிவிட்டது. காய்ச்சல். கேப்டன் ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், "பாஸ் இல்லாமல் கரைக்கு இறக்க முடியாது" என்று ஒரே பதில். கஞ்சியை ஸ்பூனில் ஊற்றினோம். தொண்டை இறங்காமல் ஆனபோதுதான் கோஸ்ட் கார்டு படகு வந்தது. ஸ்ட்ரெச்சரில் கட்டிக் கயிற்றில் இறக்கினோம். உயிர் தப்பிவிட்டார், ஊருக்கும் அனுப்பிவிட்டார்களாம். ஒரு பல் ஒரு ஆம்பிளையை அப்படிச் சாய்க்கும் என்றால் பிள்ளையை என்ன செய்யாது?

மாதா திருவிழா முடிந்திருக்கும். இந்நேரம் அனிஷா தானாகவே படி இறங்கியிருப்பாள். தேர் பார்த்தாளா? எழுது.

உன்
கிளாட்வின்


மதுரை, ஆஸ்பத்திரி
30 ஆகஸ்ட் 2024

உங்கள் கடிதம் இங்கே வார்டில் இருக்கும்போது வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். தானாகவே படி இறங்கியிருப்பாள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குத் தெரியவே தெரியாது.

என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். ஜூலை பாதியில், சனிக்கிழமை நான் ஆபீசுக்குப் போனதும் மதினி அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகாமல் பஜாரில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார்கள். மூட்டுவாதம் என்று அங்கே சொல்லவில்லை. தாடை திறக்கவில்லை. அவர் பிடித்துத் திறந்திருக்கிறார். ஒரு பால்பல்லையும் ஒரு கடைவாய்ப் பல்லையும் எடுத்திருக்கிறார். கடைவாய்ப் பல் பால்பல் இல்லை. அது இனி முளைக்காது.

ஒரு பால்பல் விழுந்ததாக மட்டும் என்னிடம் சொன்னார்கள், தாடை திறக்காத வாயில் பின்னால் இருந்த ஓட்டை எனக்குத் தெரியவில்லை. அனிஷாவும் அப்படித்தான் சொன்னாள். அன்றிலிருந்து ஊசி இல்லை. சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் கிளினிக் தெரு முனைவரை போய், கடையில் மக்ரூன் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். மறுநாள் அவள் சுருண்டு படுக்காததைப் பார்த்து மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். திருவிழாவில் தேர் பார்த்தாள், ஓடினாள். அதற்குப் பிறகுதான் தொடங்கியது. முதலில் மணிக்கட்டு. பிறகு முழங்கால், கணுக்கால். ஒரு நாள் காலையில் வாய் ஒரு விரல்கூட நுழையாமல் பூட்டிக்கொண்டது. பாலை உறிஞ்சுகுழாயில் கொடுத்தேன். கிளினிக்குக்கு ஓடி நர்ஸிடம் கேட்டபோது, "நீங்கதான் ஊசி வேண்டாம்னுட்டீகன்னு நெனச்சேன், பிள்ளைய ஒரு மாசமா காணலையே" என்றார்.

ஆம்புலன்ஸுக்கு அவளைப் படியில் இறக்க இரண்டு ஆண்கள் வேண்டியிருந்தது. நாற்காலியோடு தூக்கினார்கள். கத்தக்கூட வாய் திறக்கவில்லை.

"ஏன் பிள்ள எங்கிட்ட சொல்லல" என்று கேட்டேன். பல்லைக் கடித்தபடிதான் பேசினாள். "ஊசி வேண்டாம்னு அப்பா சொல்லிட்டாவன்னு அத்தை சொன்னா. எனக்கும் வேண்டாம். அதான்" என்றாள். வேறு என்ன சொல்வாள்? ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பிடிக்காததை அப்பாவே வேண்டாம் என்று சொன்னால் அதை விடுவாளா?

மதினியும் இங்கேதான் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போங்கள் என்றேன், போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்: "தம்பி அங்கன கெடக்கான் செல்வி. வீட்டுக்கு வாரேன்னு கேக்கல, சாப்பாடு அனுப்புன்னு கேக்கல. இந்த ஒண்ணுதான் கேட்டான். எப்படி மாட்டேம்பேன்?" எனக்கு அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, பக்கத்தில் உட்கார வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை.

முழங்காலில் ஊசி குத்தி நீர் எடுத்திருக்கிறார்கள். மூட்டுக்குள்ளேயே மருந்து போட்டிருக்கிறார்கள். ஸ்டீராய்டு ஏறுகிறது. தாடை மறுபடி எவ்வளவு திறக்கும் என்று இப்போது சொல்ல முடியாதாம்.

இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை.

மரியசெல்வி


கப்பலில்
15 செப்டம்பர் 2024

செல்வி,

கிருபாநிதி உன்னுடைய இரண்டு கடிதங்களையும் ஒன்றாகக் கொண்டுவந்தார், காற்றில் படகு நின்றதால் அவரிடமே தங்கிவிட்ட ஜூலைக் கடிதத்தையும் ஆஸ்பத்திரியில் எழுதியதையும். முதலில் ஜூலைக் கடிதத்தை வாசித்தேன். அவள் கட்டிலைப் பிடிக்காமல் எழுந்து நின்றாள் என்பதை வாசித்துச் சிரித்துக்கொண்டே அடுத்ததைப் பிரித்தேன்.

கொடுத்துவிட்டுப் போகாமல் அவர் மெஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் தாளை நீட்டினேன், வாசித்தார். "நான் அச்செடுத்துத் தந்தது ஒமக்கு வாசிக்கதுக்குவே, வைத்தியம் பாக்கதுக்கில்ல" என்றார். பிறகு அந்தக் கட்டுரைகளை எடுத்துவரச் சொல்லி, எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வரிவரியாக வாசித்தார். "இருக்கலாம்", "இன்னும் ஆராய வேண்டும்", "உறுதியாகச் சொல்ல முடியாது" என்று ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தது. நான் அவற்றை வாசிக்காமல் இல்லை. வாசித்தேன். எனக்கு வேண்டாதவை என்று தாண்டிப் போனேன்.

அவர் படகு புறப்படும்போது நான் பையைத் தூக்கிக்கொண்டு கயிற்று ஏணியில் இறங்கிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. படகில் போய் உட்கார்ந்தேன். "ஏ கிளாட்வின், பாஸ்போர்ட் இல்லாம கரையில கால் வச்சா ஒம்ம ஜெயிலுக்குக் கொண்டு போவான். அங்க இருந்து வீட்டுக்குக் கடுதாசிகூட வராது" என்றார் கிருபாநிதி. நான் எழுந்திருக்கவில்லை. படகுக்காரன் எஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தான். அப்போது மேலே ஜெனரேட்டர் இருமி இருமி நின்றுபோனது. டீசல் வடிகட்டி அடைத்திருக்கும், அன்றைக்கு மாற்ற வேண்டியது. டெக்கிலிருந்து நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. எலக்ட்ரிகல் பையன் மட்டும் கையை ஒருமுறை தூக்கினான், போய் வா என்கிறானா, ஏறி வா என்கிறானா என்று தெரியவில்லை.

ஏறிவிட்டேன். வடிகட்டியை மாற்றி ஓட்டினேன்.

மாற்று ஆள் வந்தால் மட்டுமே என்னை விடுவார்கள் என்று கேப்டன் சொல்கிறார். முதலாளி இல்லாத கப்பலுக்கு மாற்று ஆளை யார் அனுப்புவார்கள்?

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ எனக்கு ஏதோ தர வேண்டியது மாதிரி ஆகிவிடும். அதனால் எழுதவில்லை. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுது.

கிளாட்வின்


கப்பலில்
20 அக்டோபர் 2024

செல்வி,

இரண்டு படகு வந்து போய்விட்டது. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று கிருபாநிதி மட்டும் சொன்னார், நீ போனில் அவ்வளவுதான் சொன்னாயாம்.

எழுதப் பிடிக்கவில்லை என்றால் அதையாவது எழுது. நான் அடுத்த படகுக்குக் காத்திருப்பேன்.

கி.


தூத்துக்குடி
17 நவம்பர் 2024

அனிஷா அப்பாவுக்கு,

எழுதாமல் இருந்தது தண்டிப்பதற்காக இல்லை. ஒவ்வொரு முறை பேனாவை எடுத்தாலும் உங்களைத் திட்டுகிற வரிதான் முதலில் வந்தது. நீங்கள் அங்கே அதை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? கடலைப் பார்த்துக்கொண்டு அதையே வாசித்துக்கொண்டிருப்பீர்கள். அது ஓயட்டும் என்று இருந்தேன். முழுக்க ஓயவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். செப்டம்பர் முழுக்கப் படுக்கை. பழைய ஊசியோடு இன்னொரு மருந்தும் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மதுரை. கண்ணுக்குள்ளும் இந்த நோய் சத்தம் இல்லாமல் இறங்குமாம், அதனால் கண் டாக்டரையும் பார்க்கிறோம், இதுவரை கண் நன்றாக இருக்கிறது. முழங்கால் மடங்குகிறது. வலது மணிக்கட்டு முன்போல் திரும்புவதில்லை, இடது கையால் எழுதப் பழகுகிறாள். எழுத்துக் கோணலாக இருக்கிறது என்று தாளைக் கிழித்துப் போடுகிறாள். தாடை கொஞ்சம் திறக்கிறது. முழுக்கத் திறக்குமா என்று ஜெபசுதா டாக்டரிடம் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

மதினி கீழ்வீட்டை எங்களுக்கு விட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார்கள். நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவர்களுடைய கட்டில் மாடியில் இருந்தது, எங்களுடையது கீழே இருந்தது. நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. பல நாள் எதைப் பற்றியுமே பேசவில்லை. மதுரைக்கு மட்டும் அவர்களும் வருவார்கள், பஸ்ஸில் மூன்று பேர் ஸீட்டில் நடுவில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவோம். போன மாதம் பல் டாக்டர் இந்துமதியிடம் அவர்களே கேட்டார்கள், "பிள்ளைக்கு வலிக்காம எப்படித் தேய்க்கணும்னு எனக்குச் சொல்லித்தாங்கம்மா" என்று. இப்போது காலையில் அவர்கள்தான் தேய்த்துவிடுகிறார்கள். அனிஷா முதலில் விடவில்லை. அத்தையின் கை வாய்க்கு அருகில் வந்தாலே தலையைத் திருப்பிக்கொண்டாள். ஒரு வாரம் மதினி பிரஷை நீட்டிக்கொண்டு சும்மா நின்றார்கள். பிறகு விட்டாள்.

இந்த வாரம் நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

மதுரையில் ஜெபசுதா டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்தார். ஈறுக் கிருமிக்கும் மூட்டுக்கும் என்ன தொடர்பு என்பதைத் தெரிந்துகொள்ள அவர்கள் ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறார்களாம். நோய் உள்ள பிள்ளைகள், இல்லாத பிள்ளைகள் என்று நிறையப் பேருடைய ஈறிலிருந்து மாதிரி எடுத்து, ரத்தத்தோடு சேர்த்துப் பார்ப்பார்களாம். அனிஷாவையும் சேர்க்கலாமா என்று கேட்டார்.

இந்தக் கேள்வியால்தானே என் பிள்ளை இப்படி ஆனாள் என்று எழுந்துவிட்டேன். டாக்டர் கோபப்படவில்லை. "கேள்வியால இல்லம்மா. பதில் கிடைச்சிருச்சுன்னு நெனச்சதால. எங்கிட்ட உறுதியான பதில் இருந்திருந்தா உங்க வீட்டுக்காரர்ட்ட அன்னைக்கே சொல்லியிருப்பேன். அது இல்லாததாலதான் கேக்கேன்" என்றார்.

மதினி, "இதனால பிள்ளைக்குக் கொணம் ஆகுமா" என்று கேட்டார்கள். "இவளுக்கு ஆகாது. பதில் வர வருஷக்கணக்கா ஆகும். வராமலும் போகலாம்" என்றார்.

இல்லாததை இருக்கிறது என்று சொல்லாத அந்தப் பேச்சுக்காகவே நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டாக்டர் நாற்காலியை அனிஷா பக்கம் திருப்பிக்கொண்டார். "அம்மா சரின்னு சொன்னாலும் நீ சொல்லணும். பஞ்சுக்குச்சியால ஈறோரத்துல தடவுவேன். ஊசி இல்ல. உனக்கு இஷ்டம் இல்லன்னா வேண்டாம்னு சொல்லலாம். நான் கோபப்பட மாட்டேன், மருந்தும் நிக்காது" என்றார்.

அனிஷா என்னைப் பார்த்தாள். மதினியைப் பார்த்தாள். "வேண்டாம்னு சொன்னா நெசமாவே எடுக்க மாட்டீகளா?" என்று கேட்டாள்.

"எடுக்க மாட்டேன்."

"அப்ப வேண்டாம்" என்றாள்.

டாக்டர் உடனே பஞ்சுக்குச்சிக் கவரை மேஜைக்குள் போட்டு மூடிவிட்டார். "சரி. ரெண்டு வாரம் கழிச்சுப் பாப்போம், போய்ட்டு வாங்க" என்றார். கெஞ்சவில்லை, முகம் சுருங்கவில்லை. நான் பையை எடுத்தேன். மதினி எழுந்துவிட்டார்கள். அனிஷா மட்டும் அசையாமல் உட்கார்ந்து அந்த மூடிய மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்ததிலிருந்து அவளை இப்படி நான் பார்த்ததில்லை. இந்த வருஷத்தில் அவள் வேண்டாம் என்று சொன்ன எதுவும் நின்றதில்லையே. அவள் சொல்லி ஊசி நிற்கவில்லை, தாடையைப் பிடித்துத் திறந்த கை நிற்கவில்லை, வேண்டும் என்று கேட்ட நீங்களும் வரவில்லை.

அடுத்து வந்த பிள்ளையை நர்ஸ் கதவருகில் நிறுத்திவைத்திருந்தார். டாக்டர் அவசரப்படுத்தவில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அவளுடைய மருந்தைப் பற்றி நீங்கள் கேட்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறேன். உத்தரவு மட்டும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், மதினிக்கும் வேண்டாம். நீங்கள் அங்கிருந்து எப்போது இறங்குவீர்கள் என்று என்னிடம் யாராவது கேட்டால் நானும் தெரியாது என்றுதான் சொல்லி வருகிறேன். அப்படியே காத்திருப்போம்.

அன்றைக்கு நாங்கள் அவளை எழுப்பிக்கொண்டு டாக்டர் அறை வாசல்வரை வந்துவிட்டோம். மதினி அவள் கையைப் பிடித்திருந்தார்கள். அவள் கையை உருவிக்கொண்டு, நொண்டிக்கொண்டே திரும்பிப்போய் டாக்டருக்கு எதிரே மறுபடி உட்கார்ந்தாள்.

"இப்ப எடுங்க" என்றாள்.

யாரும் தொடுவதற்கு முன்னால் அவளே வாயைத் திறந்தாள், முடிந்தமட்டும்.

மரியசெல்வி